மிட்ஜெட் கார் பந்தயத்தின் வரலாற்றை எந்தப் புத்தகங்களில் படிப்பது?

அமெரிக்காவின் மிட்ஜெட் கார் பந்தயங்களைக் காணொளிகளில் பார்த்து ஆர்வம் கொண்ட வாசகர் ஒருவர், அவற்றின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லும் நல்ல புத்தகம் எது என்று கேட்டிருக்கிறார். வெறும் படத் தொகுப்பாக இல்லாமல், அந்தப் பந்தயம் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது, பின்னர் ஏன் தேய்ந்தது என்பதையும் விளக்கும் நூல் வேண்டும் என்பது அவருடைய கூடுதல் கோரிக்கை. இரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் புத்தகம் என்று எதையும் என்னால் காட்ட முடியாது. படங்களுக்கும் பெயர்களுக்கும் ஒரு நூல், இயந்திரத்துக்கு ஒரு நூல், மனிதர்களுக்குச் சில நூல்கள் என்று சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகப் பிடிபடும். அவற்றுள் ஒன்றை மட்டும் சொல் என்று வற்புறுத்தினால், தலைப்பில் மிட்ஜெட் என்ற சொல்லே இல்லாத, ஓர் எஞ்சினைப் பற்றிய புத்தகத்தைத்தான் சொல்வேன். அதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

இந்தப் பந்தயத்தை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். மிட்ஜெட் என்பது ஒற்றை இருக்கையும், மூடியில்லாத சக்கரங்களும், முன்பக்கத்தில் எஞ்சினும் கொண்ட சிறிய பந்தயக் கார். இன்றைய மிட்ஜெட் ஏறத்தாழ 900 பவுண்டு, அதாவது 400 கிலோவுக்குச் சற்று மேல் எடை கொண்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 300 முதல் 400 குதிரைத்திறன் வரை தரும். கால் மைல் அல்லது அரை மைல் நீளமுள்ள, பெரும்பாலும் மண்ணால் ஆன ஓவல் தடங்களில் குறுகிய தூரப் பந்தயங்களாகவே இவை நடைபெறுகின்றன. காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. வேறொரு வண்டி பின்னாலிருந்து தள்ளித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். வழக்கமான கியர் பெட்டியும் கிடையாது. இந்த எளிமை பிறவியிலேயே வந்தது. பொருளாதாரப் பெருமந்தம் கலிஃபோர்னியாவை வாட்டிய காலத்தில், பெரிய பந்தயக் காருக்குப் பணம் இல்லாதவர்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய வண்டிகள்தான் முதல் மிட்ஜெட்டுகள். மோட்டார் சைக்கிள் எஞ்சின், படகின் பின்னால் மாட்டும் எல்டோ எஞ்சின், சிறிய காரிலிருந்து பிடுங்கிய எஞ்சின் என்று எது பொருந்தியதோ அது உள்ளே போயிற்று.

பிறந்த நாளைப் பற்றியே கருத்து வேறுபாடு இருப்பதை எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் காணலாம். 1933ஆம் ஆண்டு ஜூன் 4 என்ற தேதி பல இடங்களில் பிறந்த நாளாகக் குறிக்கப்படுகிறது. அதை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லயோலா உயர்நிலைப் பள்ளி மைதானத்தோடு இணைப்பவர்களும் உண்டு, சேக்ரமென்டோ நகரின் ஹியூஸ் மைதானத்துக்கு அந்த உரிமையைக் கோருபவர்களும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு 10 அன்று லயோலா மைதானத்தில் வாராந்தரப் பந்தய நிகழ்ச்சி முறையாகத் தொடங்கியது. அதற்கு முன்பும் ஆங்காங்கே சிறிய கார்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதால், முதல் பந்தயம் எது என்ற சண்டையில் நான் அதிகம் நேரம் செலவிட மாட்டேன். வாரம் தவறாமல் நடந்த நிகழ்ச்சியும், அதை நடத்த ஒரு சங்கமும், சீட்டு வாங்கிக்கொண்டு வரும் கூட்டமும் ஒன்றுசேர்ந்த இடம் எது என்பதே வரலாற்றுக்குப் பயன்படும் கேள்வி. அப்படிப் பார்த்தால் லயோலாவும், அதை அடுத்து 1934இல் எழுந்த கில்மோர் மைதானமும்தான் தொடக்கப் புள்ளிகள். எண்ணெய் நிறுவன உரிமையாளரான ஏர்ல் கில்மோர் கட்டிய அந்த மைதானத்தில் ஏறத்தாழ 18,000 பேர் அமரலாம். நன்றி நவிலும் நாளன்று நடக்கும் ‘டர்க்கி நைட்’ பந்தயம் அந்த ஆண்டே அங்கு தொடங்கியது. முதல் பந்தயத்தில் வென்றவர் பாப் ஸ்வான்சன்.

இந்தத் தொடக்கக் காலத்தை முகம் முகமாகப் பார்க்க வேண்டுமானால் ஜாக் ஃபாக்ஸ் எழுதிய ‘தி மைட்டி மிட்ஜெட்ஸ்’ தான் அடிப்படை நூல். 1970களின் பிற்பகுதியில், இன்டியானா மாநிலத்தின் ஸ்பீட்வே ஊரிலிருந்து கார்ல் ஹங்னெஸ் வெளியிட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற 500 மைல் பந்தயமான இன்டியானாபொலிஸ் 500இன் படவரலாற்றைத் தொகுத்துப் பெயர் பெற்றவர் ஃபாக்ஸ். அதே முறையைத்தான் இங்கும் கையாண்டிருக்கிறார். புகைப்படங்கள், அவற்றின் கீழே நெருக்கமான குறிப்புகள், ஓட்டுநர்கள், கார்கள், தடங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் தகவல் கொட்டிக் கிடக்கும். பெருமந்தக் காலத்துச் சிறு தடங்களில் இரண்டு பருவம் ஓட்டிவிட்டு மறைந்துபோன ஓட்டுநரின் முகத்தை வேறெங்கும் காண்பது அரிது. மிட்ஜெட் பந்தயம் என்ற உலகம் எவ்வளவு பெரியது, எத்தனை ஊர்களில் பரவியிருந்தது என்பதை இந்த நூலைப் புரட்டினாலே உணரலாம். ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு இதில் விடை தேடக் கூடாது. ஃபாக்ஸ் ஆவணப்படுத்துபவர், காரணம் தேடி வாதிடுபவர் அல்லர். தொடர்ந்து இருபது பக்கம் படித்தால் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், இதைக் கதையாகப் படிக்காமல் அகராதியைப் போல எடுத்துப் பார்ப்பதே நல்லது.

இந்த வகைப் படநூல்களைப் படிப்பதற்குக் கண்ணைச் சற்றுப் பழக்கிக்கொள்ள வேண்டும். பழைய மிட்ஜெட் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் முதலில் புகைபோக்கிக் குழாயைப் பாருங்கள். காரின் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு சிறு குழாய்கள் வெளிவந்து ஒரே நீண்ட குழாயில் சேர்ந்தால், உள்ளே இருப்பது வரிசையாக நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின். 1930களின் பிற்பகுதிக்குப் பிறகு அது பெரும்பாலும் ஆஃபன்ஹவுசர் என்ற பந்தய எஞ்சினாகவே இருக்கும். இரண்டு பக்கமும் குழாய் இருந்தால் ஃபோர்டு நிறுவனத்தின் சிறிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், என்று ஊகிக்கலாம். அடுத்து, காரின் வெளிப்பக்கத்தில் கைப்பிடித் தடி தெரிகிறதா என்று பாருங்கள், அது பிரேக். பிறகுதான் வண்டி எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், ஏனெனில் ஓட்டுநரின் புள்ளி நிலைக்கு ஏற்பவும், சங்கம் மாறும்போதும், கார் கைமாறும்போதும் எண்ணும் வண்ணமும் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே கார் மூன்று உரிமையாளர்களிடம் மூன்று எண்களோடு ஓடியிருக்கும். படநூல்களின் குறிப்புகளில் பிழை புகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஃபாக்ஸைப் போன்ற கவனமான தொகுப்பாளரின் நூலாகவே இருந்தாலும், ஒரு குறிப்பை மட்டும் ஆதாரமாக வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

படங்களின் அழகுக்காகவே வாங்கத்தக்க மற்றொரு நூல் டிக் வாலனின் ‘டிஸ்டன்ட் தண்டர்’. 2001இல் வெளிவந்தது. வாலன் பந்தயங்களைப் படம்பிடித்துப் பழகிய திரைப்படக்காரர்; மரப்பலகைத் தடங்களைப் பற்றியும், 1950களின் அமெரிக்கச் சாம்பியன்ஷிப் பந்தயங்களைப் பற்றியும் பெரிய அளவுப் புத்தகங்களைத் தாமே வெளியிட்டவர். அவருடைய நூல்கள் எல்லாமே மேசையின் மீது விரித்து வைத்துத்தான் படிக்க வேண்டிய அளவில் இருக்கும். ‘மிட்ஜெட்டுகள் வல்லமையோடு இருந்த காலம்’ என்ற பொருள் தரும் துணைத்தலைப்பே இந்த நூலின் மனநிலையைச் சொல்லிவிடுகிறது. ஏக்கம் கலந்த பார்வை இதன் பலமும் பலவீனமும் ஆகும். மின்விளக்கின் கீழ் மண் தெறிக்கும் இரவு, தோல் தலைக்கவசத்தோடு நிற்கும் இளைஞர்கள் ஆகியவை கண்முன் வருகின்றன. அந்த இளைஞர்களுக்கு ஓர் இரவில் எவ்வளவு பணம் கிடைத்தது, காரின் உரிமையாளருக்கு அதில் எத்தனை பங்கு போயிற்று போன்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

இனி நான் முதலில் குறிப்பிட்ட புத்தகத்துக்கு வருகிறேன். கார்டன் எலியட் வைட் எழுதி 1996இல் வெளிவந்த ‘ஆஃபன்ஹவுசர்’ என்ற நூல், அந்தப் பெயர் கொண்ட பந்தய எஞ்சினையும் அதை உருவாக்கிய மனிதர்களையும் பற்றியது. வைட் நாளிதழ்ச் செய்தியாளராகப் பணியாற்றியவர். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கார் பந்தயம் தொடர்பான ஆலோசகராகவும் இருந்தவர். ஒரு கூற்றை எங்கிருந்து பெற்றோம் என்று சொல்லிப் பழகிய எழுத்து அவருடையது. லாஸ் ஏஞ்சலஸில் பந்தய எஞ்சின்களை உருவாக்கிய ஹாரி மில்லர் 1933இல் நொடித்துப்போனதும், அவருடைய பட்டறையின் மேற்பார்வையாளராக இருந்த ஃபிரெட் ஆஃபன்ஹவுசர் வார்ப்பு மாதிரிகளையும் கருவிகளையும் கைப்பற்றித் தொழிலைத் தொடர்ந்ததும், வரைவாளர் லியோ கூசன் அவருக்காக எஞ்சின் வரைபடங்களை வரைந்ததும் அந்த நூலில் விரிவாக வருகின்றன. கில்மோர் மைதானத்தில் மிட்ஜெட் பந்தயங்கள் சூடுபிடித்த நேரத்தில், அந்தச் சிறிய கார்களுக்கென்றே 97 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 லிட்டர் கொள்ளளவில் இரட்டைக் கேம் தண்டு கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினை அவர்கள் உருவாக்கினார்கள். 1934இல் கர்லி மில்ஸ் என்ற ஓட்டுநரின் காரில் அது முதன்முதலாக ஓடியது.

மிட்ஜெட் வரலாற்றை இரண்டாகப் பிளக்கும் கோடு என்று இந்த எஞ்சினின் வருகையைத்தான் நான் கருதுகிறேன். அதுவரை கொல்லைப்புறத்தில் ஒட்டுப்போட்ட வண்டிகளுக்கு இடையே நடந்த போட்டியில், பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின் ஒன்று நுழைந்தது. அது விலை உயர்ந்தது. ஆனால் அதை வைத்திருப்பவர் வென்றார், பரிசுப் பணத்தைக் கொண்டு அதன் விலையையும் மீட்டார். விலை கொடுக்க முடியாதவர் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டார். ஏழையின் பந்தயமாகத் தொடங்கிய ஒன்று, சில ஆண்டுகளுக்குள் முதலீட்டாளரின் பந்தயமாக மாறியது. அதைச் சமன்செய்ய ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு வழியைத் தேடியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸின் யுனைடெட் ரேசிங் அசோசியேஷன், ஆஃபன்ஹவுசர் கார்களுக்குச் ‘சிவப்பு’ வட்டம் என்றும் மற்றவற்றுக்கு ‘நீல’ வட்டம் என்றும் பந்தயங்களையே பிரித்து நடத்தியது. நீல வட்டத்தின் முதுகெலும்பு ஃபோர்டின் வி8-60 எஞ்சின். 136 கன அங்குலமும் 60 குதிரைத்திறனும் கொண்டு சாதாரணக் கார்களில் வந்த எஞ்சின் அது. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்து மெருகேற்றி ஓட்டலாம். ஒரே ஊரில் இரண்டு வண்ண வட்டங்கள் ஏன் இருந்தன என்பது படநூல்களைப் பார்க்கும்போது புரியாது. எஞ்சினின் கதையைப் படித்த பிறகு தானாகப் புரியும்.

அதே வைட் 2001இல் ‘கர்டிஸ்-கிராஃப்ட்’ என்ற நூலையும் எழுதினார். எஞ்சின் பாதி என்றால் சட்டகம் மறுபாதி. குரோவேஷியாவிலிருந்து குடியேறிய கொல்லரின் மகனான ஃபிராங்க் கர்டிஸ், போர் முடிந்ததும் மிட்ஜெட் கார்களை வரிசையாகத் தயாரித்து விற்கத் தொடங்கினார். ஓட்டத் தயாரான நிலையில் 550க்கு மேற்பட்ட கார்களும், வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளும்படி 600 அளவிலான பாகத் தொகுப்புகளும் அவருடைய பட்டறையிலிருந்து வெளியேறின என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பந்தயக் கார் என்பது ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்படுவது என்றிருந்த காலத்தில் இது அசாதாரணமான எண்ணிக்கை. 1950க்கும் 1955க்கும் இடையில் ஐந்து இன்டியானாபொலிஸ் வெற்றிகளைப் பெற்ற கார்கள் இதே கர்டிஸின் கையிலிருந்து வந்தவை. எட் ஹிட்ஸி 1974இல் எழுதிய ‘தி கர்டிஸ்-கிராஃப்ட் ஸ்டோரி’ இதற்கு முன்னோடி நூல். சேகரிப்பாளர்கள் அதை இன்னும் தேடுகிறார்கள். இரண்டில் ஒன்று போதும் என்பவர் வைட்டின் நூலை வாங்கலாம்.

எழுச்சியும் சரிவும் நிகழ்ந்த வேகத்தைப் புரிந்துகொள்ளப் போரின் இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும். ரப்பரையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துவதற்காக 1942 ஜூலை 31 முதல் அமெரிக்காவில் கார் பந்தயங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததும் தடை நீங்கியது. கையில் சேமிப்பும் மனத்தில் பொழுதுபோக்குப் பசியுமாகத் திரும்பிய மக்கள் மைதானங்களை நிரப்பினார்கள். பெரிய நகரங்களைச் சுற்றி வாரத்தின் எல்லா இரவும் எங்காவது ஒரு தடத்தில் பந்தயம் நடந்தது. கால்பந்துக்குப் பேர்போன ரோஸ் பவுல் மைதானத்திலேகூட மிட்ஜெட்டுகள் ஓடின. அந்த அலை நான்கு ஆண்டு நீடித்தது என்று சொல்வதே அதிகம். 1940களின் இறுதியில் கூட்டம் வடியத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வந்ததைப் பலரும் முதல் காரணமாகக் காட்டுவார்கள். கில்மோர் மைதானம் இடிக்கப்பட்ட இடத்தில் 1952இல் சிபிஎஸ் நிறுவனத்தின் தொலைக்காட்சி நிலையம் எழுந்ததால், அந்த விளக்கம் கேட்பதற்கு மிகப் பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் தொலைக்காட்சி மட்டும் காரணமென்றால், அதே ஆண்டுகளில் சாதாரணக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயங்கள் வளர்ந்ததை எப்படி விளக்குவது? ஆஃபன்ஹவுசரும் கர்டிஸும் சேர்ந்த கார் எல்லாத் தடங்களிலும் ஒரே மாதிரி வென்றது. தடங்களும் தேவைக்கு மேல் பெருகிவிட்டன. செலவு செய்ய முடியாத இளைஞர் பழைய ஃபோர்டு காரின் கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டு ஸ்டாக் கார் தடத்துக்குப் போனார். வைட்டின் இரு நூல்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போது இந்த இரண்டாவது விளக்கமே வலுவானது என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன்.

மனிதர்களின் கதைக்கு வாழ்க்கை வரலாறுகளை நாட வேண்டும். இந்தத் துறையில் தனித்து நிற்பவர் பில் வூகோவிச். ஃபிரெஸ்னோ பகுதியில் மிட்ஜெட்டுகளை ஓட்டிப் பழகி, 1950இல் தேசிய மிட்ஜெட் பட்டத்தை வென்று, 1953லும் 1954லும் இன்டியானாபொலிஸ் 500ஐ அடுத்தடுத்து வென்றவர். 1955இல் மூன்றாம் முறையும் முன்னணியில் இருந்தபோது விபத்தில் இறந்தார். அவரைப் பற்றிய நூல்கள் இன்டியானாபொலிஸ் வெற்றிகளையே மையமாக்குவது இயல்புதான் என்றாலும், மிட்ஜெட் ஆண்டுகளைச் சொல்லும் பகுதிகளை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. பெரிய காரில் அவர் காட்டிய பிடிவாதம் முழுவதும் கால் மைல் தடத்தில் கற்றது. மெல் கென்யனின் வாழ்க்கைக் கதையான ‘பர்ன்ட் டு லைஃப்’ வேறொரு வகை. 1965இல் லாங்ஹார்ன் தடத்தில் நேர்ந்த தீ விபத்தில் இடது கை விரல்களை இழந்தவர் அவர். குடும்பத்தார் செய்துகொடுத்த சிறப்புக் கையுறையின் உள்ளங்கையில் ஒரு வளையம் இருந்தது. ஸ்டீயரிங்கில் பொருத்தப்பட்ட முளையில் அதை மாட்டிக்கொண்டு மீண்டும் ஓட்டினார். அந்தக் கையோடு 1968இல் இன்டியானாபொலிஸில் மூன்றாம் இடம் பெற்றார். மிட்ஜெட்டுகளில் பட்டங்களும் வென்றார். நூலில் சமய நம்பிக்கை மேலோங்கியிருக்கும். அது பிடிக்காதவர்கள்கூட, விபத்துக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றிய பகுதிக்காக அதைப் படிக்கலாம்.

மிட்ஜெட்டுகளும் பெரிய கார்களும் ஓடிய அந்த உலகத்தில் யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதைப் பழைய படநூல்கள் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பில் பேலர் 2020இல் வெளியிட்ட ‘தி பிரவுன் புல்லட்’ அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. ராஜோ ஜாக் என்ற பெயரில் ஓட்டிய கறுப்பினத்தவரான டூயி காட்சன், அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் பந்தயங்களில் அனுமதிக்கப்படாமல், சங்கத்துக்கு வெளியே இருந்த தடங்களில் வென்று வாழ்ந்ததை அந்த நூல் சொல்கிறது. மிட்ஜெட் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆயினும், பட்டியல்களில் இல்லாத பெயர்கள் ஏன் இல்லை என்று கேட்கப் பழக்குகிறது என்பதற்காகவே ஃபாக்ஸின் நூலுக்குப் பக்கத்தில் இதை வைக்க வேண்டும் என்பேன்.

செய்தித்தாளின் பங்கையும் விட்டுவிட முடியாது. 1934இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய ‘நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ்’ மிட்ஜெட் பந்தயத்தின் சமவயதுத் தோழன். சிறுவனாக அதைத் தடங்களில் கூவி விற்று, பின்னர் அதன் ஆசிரியராகவும் புகழ்பெற்ற வர்ணனையாளராகவும் ஆனவர் கிறிஸ் எகனாமாக்கி. டேவ் ஆர்கபிரைட்டுடன் சேர்ந்து அவர் 2006இல் வெளியிட்ட ‘லெட் எம் ஆல் கோ’ என்ற நினைவுக் குறிப்பில், போருக்கு முந்தைய கிழக்குக் கடற்கரைத் தடங்கள் நேரில் பார்த்தவரின் குரலில் வருகின்றன. மிட்ஜெட் வரலாறு என்றாலே லாஸ் ஏஞ்சலஸ் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பகுதிகள் நல்ல மாற்று. கிழக்கில் நட்லி என்ற ஊரில், சைக்கிள் பந்தயத்துக்காக 45 பாகைச் சரிவோடு கட்டிய மரப்பலகைத் தடத்தில் 1938லும் 1939லும் மிட்ஜெட்டுகளை ஓடவிட்டார்கள். சுவரில் ஓடுவதற்கு ஒப்பான அந்தப் பந்தயம் உயிர்களைப் பறித்த பிறகே நின்றது. பணம் வரும் என்றால் எந்த இடத்திலும் பந்தயம் நடத்துவார்கள் என்ற அக்காலத்து மனப்போக்குக்கு நட்லியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

லாஸ் ஏஞ்சலஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஜோ ஸ்கால்சோ எழுதிய ‘சிட்டி ஆஃப் ஸ்பீட்’ படிக்கச் சுவையானது. அவருடைய நடை மிகைக்கு அஞ்சாதது. தகவலுக்காக அவரை மேற்கோள் காட்டுவதற்கு முன் வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் பட்டறைகளும் ஓட்டுநர்களும் பந்தய நடத்துநர்களும் ஒரே நகரத்தில் எப்படி ஒருவரையொருவர் வளர்த்தார்கள், எப்படிச் சண்டையிட்டார்கள் என்பதை வைட்டின் நிதானமான பக்கங்கள் தராத சூட்டோடு அவர் தருகிறார்.

மிட்ஜெட்டின் எல்லையும் வலிமையும் எவை என்பதை ஒரே ஆண்டில் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. எந்த நூலில் வந்தாலும் அதைத் தவறவிடாதீர்கள். 1959இல் கனெடிகட் மாநிலத்தின் லைம் ராக் தடத்தில் எல்லா வகைக் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பந்தயத்தில், ரோஜர் வார்டு ஒரு பழைய கர்டிஸ் மிட்ஜெட்டில் வந்து ஆஸ்டன் மார்ட்டின், மசெராட்டி போன்ற ஐரோப்பியக் கார்களைத் தோற்கடித்தார். தடம் சிறியது, வளைவுகள் நெருக்கமானவை. மிட்ஜெட் அதற்கென்றே பிறந்தது. அந்த வெற்றி தந்த நம்பிக்கையில் அதே ஆண்டு டிசம்பரில் செப்ரிங்கில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில், உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்திலேயே, மிட்ஜெட்டோடு களமிறங்கினார். தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற ஸ்டிர்லிங் மாஸைவிட அவர் ஏறத்தாழ 44 விநாடி பின்தங்கினார். பந்தயத்தில் 20 சுற்றுகளோடு கிளட்ச் கைவிட்டது. நீண்ட நேர்வழிகள் கொண்ட விமானத்தளத் தடத்தில் மிட்ஜெட்டால் செய்வதற்கு எதுவும் இல்லை. சில நூல்கள் லைம் ராக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதுண்டு. பந்தயப் பற்று மிகுந்த எழுத்தாளர்களை அடையாளம் காண அது ஓர் எளிய சோதனை.

அமெரிக்காவுக்கு வெளியே இரு நாடுகளைப் பற்றிய நூல்களைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் மிட்ஜெட்டுகள் 1934 டிசம்பர் 15 அன்று மெல்போர்ன் ஒலிம்பிக் பார்க்கில் அறிமுகமாயின. அங்கே அவற்றை ஸ்பீட்கார் என்பார்கள். வட அரைக்கோளத்தில் குளிர்காலம் வரும்போது அங்கே கோடை என்பதால், பாப் டாட்டர்சால் போன்ற அமெரிக்க ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் ஓட்டினார்கள். ஜிம் ஷெப்பர்டு எழுதிய ஆஸ்திரேலிய ஸ்பீட்வே வரலாறு இதற்கு நல்ல வாயில். நம் தலைமுறை ராணி காமிக்ஸில் படித்த முகமூடி வீரர் மாயாவியின் கதைகளை ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட ஃப்ரூ நிறுவனத்தின் உரிமையாளராக இருந்தவரும் இதே ஷெப்பர்டுதான் என்பது காமிக்ஸ் அன்பர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பிரிட்டனுக்கு டெரிக் பிரிட்ஜெட்டின் ‘மிட்ஜெட் கார் ஸ்பீட்வே’ போதுமானது. ஹாரி ஸ்கிரோ என்பவர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டி, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி 1930களில் கட்டிய கார்கள், அமெரிக்க வழியிலிருந்து முற்றிலும் விலகியவை. அங்கே இந்தப் பந்தயம் ஏன் வேர்பிடிக்கவில்லை என்று யோசிக்க அந்த நூல் உதவும்.

மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1960களோடு களைத்துவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஃபன்ஹவுசர் முதலிடத்தை இழந்து, செவ்ரோலே வி8 எஞ்சினைப் பாதியாக்கிச் செய்த நான்கு சிலிண்டர் எஞ்சின்களும், காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களும் ஆட்சி செய்த காலத்துக்கு அதே தரத்தில் ஒரு நூல் எழுதப்பட வேண்டும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஓக்லஹோமாவின் டல்சா நகரில், கூரைக்குள் மண் கொட்டி நடத்தப்படும் ‘சில்லி பவுல்’ பந்தயத்துக்கு இப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட கார்கள் வருகின்றன. ஜெஃப் கார்டன், டோனி ஸ்டூவர்ட், கைல் லார்சன் என்று மிட்ஜெட்டில் தேறி நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயங்களுக்குப் போனவர்களின் வரிசையும் நீண்டது. இந்தக் காலத்துக்கு இப்போதைக்கு ஓட்டுநர்களின் தனி வரலாறுகளும் சங்கங்களின் பதிவுகளுமே துணை. விஸ்கான்சினின் சன் பிரேரி ஊரில் உள்ள ஏஞ்சல் பார்க் தடத்தோடு இணைந்த தேசிய மிட்ஜெட் பந்தயப் புகழ்மன்றம் 1984 முதல் தேர்ந்தெடுத்துவரும் பெயர்களைப் பின்தொடர்ந்தால், யாரைப் பற்றித் தேடுவது என்பதாவது தெளிவாகும்.

வாங்கும் வரிசையைப் பொறுத்தவரை, முதலில் வைட்டின் ‘ஆஃபன்ஹவுசர்’, அதைப் படித்து முடித்த பிறகு ஃபாக்ஸ், கார்களின் வடிவத்தில் மனம் போனால் ‘கர்டிஸ்-கிராஃப்ட்’, மிச்சத்தை விருப்பம்போல என்பது என் பரிந்துரை. வாலனின் நூல் கடைசியில் வரலாம். அதற்குள் படங்களில் என்ன பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஃபாக்ஸின் நூலைப் பழைய புத்தகச் சந்தையில் தேட வேண்டியிருக்கும், விலையும் ஒரே சீராக இராது. இவை கனமான புத்தகங்கள் என்பதால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடக்கூடும். தனித்தனியாக வாங்காமல் ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கேட்பது சிக்கனம். பணம் அனுப்புவதற்கு முன்பு கட்டுமானத்தின் முதுகையும் உள்பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஏனெனில் சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் படப் பக்கங்களைக் கத்தரித்து எடுத்த பிரதிகளும் இந்த வகை நூல்களில் விற்பனைக்கு வருவதுண்டு.